ஆடியின் மாசும் அளவுகோலின் கோணலும்

(வெள்ளி விழா இளைஞர் அரங்கில் ஆற்றிய உரை)



சங்கத்தின் இருபத்தைந்தாண்டு வளர்ச்சியை எனக்கு முன் பேசிய பெரியவர்கள் விரிவாக எடுத்துரைத்தார்கள். ‘அறிவியலில் ஏதேனும் ஒரு பொருள் பற்றிப் பேசுங்கள்’ என்று மட்டுமே செயலாளர் அவர்கள் என்னிடம் சொன்னார்கள். எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கு வேண்டிய கண்ணாடியின் மேற்பரப்பை எவ்வாறு சோதிக்கிறார்கள் என்பதையே நான் பொருளாக எடுத்துக்கொண்டேன். கேட்டவுடன் சிலர் முகத்தில் ஒரு வினா எழுவதைக் காண்கின்றேன். கொழுந்து விலை, குடியிருப்புப் பட்டா, பிள்ளைகளின் உதவித்தொகை என்று ஆயிரம் கவலைகள் இருக்க, விண்ணில் பறக்கின்ற கண்ணாடி நமக்கு எதற்கு? நியாயமான வினாதான். விடையை இறுதியில் சொல்கின்றேன். அதுவரை சற்றுப் பொறுமையோடு என்னுடன் வாருங்கள்.

எக்ஸ் கதிர் நமக்குப் புதியதன்று

எக்ஸ் கதிர் என்றதும் மருத்துவமனை நினைவுக்கு வரும். 1895ஆம் ஆண்டு ஜெர்மனியில் ராண்ட்ஜன் கண்டறிந்த கதிர் அது. தசையை ஊடுருவிச் செல்லும், எலும்பில் தடைப்படும். அந்த நிழலைப் பதிவு செய்கின்ற ஃபிலிம் ஒரு காலத்தில் நம் மாவட்டத்தின் பெயரோடு சேர்ந்தே பேசப்பட்டது. உதகையில் 1960இல் நிறுவப்பட்டு 1967இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், ‘இந்து’ என்னும் பெயரில் ஃபிலிம்களைச் செய்தது. ஒளி பட்டால் ஃபிலிம் கெட்டுவிடும் என்பதால், இருட்டிலேயே கைப்பழக்கத்தால் வேலை செய்த தொழிலாளர்கள் இம்மலையில் இருந்தார்கள். அத்தொழிற்சாலை இன்று இல்லை. ஆயினும் எக்ஸ் கதிரும் நீலகிரியும் முன்பே அறிமுகமானவை என்பதற்காக இதைச் சொன்னேன்.

வானத்திலும் எக்ஸ் கதிர் உண்டு. பல இலட்சம் பாகைக்கு மேல் வெப்பம் ஏறிய பொருள் எக்ஸ் கதிரை உமிழும். கருந்துளைக்குள் விழப் போகும் வாயு, வெடித்துச் சிதறிய விண்மீனின் எச்சம், விண்மீன் மண்டலக் கூட்டங்களை நிரப்பி நிற்கும் வெம்மையான வளி ஆகிய இவையெல்லாம் நம் கண்ணுக்குத் தெரியாத இக்கதிரால் தம்மை அறிவிக்கின்றன. ஆனால் பூமியின் காற்று அதனை முழுமையாக உறிஞ்சிவிடுகின்றது. நமக்கு அது பாதுகாப்பு. வானியலாளருக்கு அது திரை. ஆகவே மேலே சென்றுதான் பார்க்க வேண்டும். 1962 ஜூன் மாதம் ரிக்கார்டோ ஜியாக்கோனியும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவிலிருந்து ஏவிய ஒரு சிறு ராக்கெட், சில நிமிடங்களே மேலே நின்று, விருச்சிக ராசித் திசையிலிருந்து எக்ஸ் கதிர் வருவதைக் கண்டது. அப்பணிக்காக ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல் பரிசு கிடைத்தது. 1975 ஏப்ரலில் சென்ற நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டாவும் எக்ஸ் கதிர் ஆய்வுக் கருவி ஒன்றை ஏந்திச் சென்றது.

முத்தோரையின் கம்பிகள் சொல்லும் பாடம்

வந்த கதிரை எண்ணுவது ஒன்று. அதைக் குவித்துப் படமாக்குவது வேறொன்று. குவிப்பதற்கு ஆடி வேண்டும். அந்த ஆடி எவ்வளவு வழவழப்பாக இருத்தல் வேண்டும் என்பதே கேள்வி.

இதற்கு விடை நம் உதகைக்கு அருகிலுள்ள முத்தோரையிலேயே நிற்கின்றது. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் 1970இல் அமைக்கப்பட்ட உதகை வானொலித் தொலைநோக்கியை உங்களில் பலர் சாலையிலிருந்து பார்த்திருப்பீர்கள். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். ஏறத்தாழ 11 பாகை சரிந்த ஒரு மலைச்சரிவைத் தேர்ந்து, வடக்குத் தெற்காக அதனைக் கிடத்தினார்கள். நம் ஊரின் அகலாங்கும் ஏறத்தாழ 11 பாகைதான். எனவே அக்கருவியின் அச்சு, பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழற்றினாலே ஒரு விண்பொருளை மணிக்கணக்கில் தொடர்ந்து பார்க்க முடியும். மலைச்சரிவையே கருவியின் உறுப்பாக்கிய நுட்பம் அது.

அதனுடைய ஆடி எது? 24 பரவளையச் சட்டங்களின் மீது இழுத்துக் கட்டிய 1100 துருவுறா எஃகுக் கம்பிகளே! கம்பிகளுக்கிடையே விரல் நுழையும். மழையும் காற்றும் நுழையும். ஆயினும் வானொலி அலை நுழையாது. ஏனெனில் அது வாங்குகின்ற அலையின் நீளம் ஏறக்குறைய 92 சென்டிமீட்டர். சல்லடைக் கண்ணைவிடப் பெரிய மணி கீழே இறங்காதது போல, இடைவெளியைவிட மிகப் பெரிய அலை அதன் வழியே கசிவதில்லை. அந்த அலைக்கு அக்கம்பி வரிசையே பளபளக்கும் கண்ணாடி.

இப்போது அலையைச் சிறிதாக்கிப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்கு உரிய ஆடியில் மேடு பள்ளம் அதனினும் பலமடங்கு சிறியதாக இருக்க வேண்டும். எக்ஸ் கதிரின் அலையோ அவ்வொளியைக் காட்டிலும் ஐந்நூறு மடங்கு குறுகியது. ஏறத்தாழ ஒரு நானோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. அங்கே மேடு பள்ளம் சில அணுக்களின் உயரத்தைத் தாண்டலாகாது. தாண்டினால் கதிர் ஒரு புள்ளியில் சேராமல் பனிமூட்டத்து விளக்கைப் போலச் சிதறிப்போகும்.

இன்னொரு இடையூறும் உண்டு. நேரே மோதினால் எக்ஸ் கதிர் திரும்பாது. ஆடிக்குள் புகுந்து மறைந்துவிடும். குளத்தில் ஓட்டாஞ்சில்லை மேலிருந்து போட்டால் மூழ்குகின்றது. தட்டையாகச் சாய்த்து வீசினால் தத்தித் தத்திச் செல்கின்றது அன்றோ? எக்ஸ் கதிரும் ஏறத்தாழ ஒரு பாகைச் சாய்வில் உராய்ந்து வந்தால்தான் திரும்பும். அதனால் இந்த ஆடி தட்டுப்போல இராது. அடியும் மூடியும் இல்லாத பீப்பாய்போல இருக்கும். உட்சுவரே ஆடி. பரவளைய வடிவில் ஒன்றும், அதனை அடுத்து அதிபரவளைய வடிவில் ஒன்றுமாக இரண்டை இணைத்தால் படம் தெளிவாக விழும் என்று ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் வோல்ட்டர் 1952இல் காட்டினார். ஒன்றினுள் ஒன்றாகப் பல பீப்பாய்களைச் செருகினால் மிகுதியான கதிர் கிடைக்கும்.

1999 ஜூலையில் விண்ணுக்குச் சென்ற சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகத்தில் இத்தகைய நான்கு இணைகள் உள்ளன. பெரியதன் விட்டம் 1.2 மீட்டர். வெப்பத்தால் விரிவடையாத ஒருவகைக் கண்ணாடியில் செய்து, இரிடியம் பூசினார்கள். அதன் வழவழப்பை நம் ஊர்க் கணக்கில் சொல்கின்றேன். நீலகிரி மாவட்டம் முழுவதையும் அதே அளவுக்கு மெருகேற்றினால், 2637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டா சிகரம் ஓர் அரிசி மணியின் கனத்துக்குமேல் எழும்பி நிற்காது!

எவ்வாறு சோதிக்கிறார்கள்?

கண்ணாடியைத் தேய்ப்பவரின் கை எவ்வளவு தேர்ந்ததாயினும், கண்ணால் காண முடியாத குறையைக் கை எவ்வாறு திருத்தும்? முதலில் குறையைக் காட்ட வேண்டும். ஆகவே ஆடி செய்யும் கலையில் பாதி, சோதிக்கும் கலை.

சாதாரணத் தொலைநோக்கி ஆடிக்கு 1858இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூக்கோ ஓர் எளிய சோதனையைக் கண்டார். ஆடியின் முன் ஓர் ஒளிப்புள்ளியை வைத்து, திரும்பி வரும் ஒளி குவியுமிடத்தில் ஒரு கத்தி விளிம்பை மெல்ல நகர்த்த வேண்டும். ஆடி குறையற்ற கோள வடிவாயின் முழுப் பரப்பும் ஒரே சீராக இருளும். எங்கேனும் மேடோ பள்ளமோ இருந்தால், மாலை வெயிலில் மலைமுகடுகளின் நிழல் நீண்டு தெரிவதுபோல அது நிழலாகத் துலங்கிவிடும். ஒரு சவர அலகும் சிறு விளக்கும் போதும். தலைமயிர்க் கனத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் குறையையும் காணலாம்.

இச்சோதனையில் நான் என்றும் மறவாத ஒரு காட்சி உண்டு. ஆடியின் மீது விரலைச் சில நொடிகள் வைத்து எடுத்துவிட்டுக் கத்தி விளிம்பின் வழியே பாருங்கள். விரல் பட்ட இடம் வெப்பத்தால் விரிந்து ஒரு குன்றைப் போல எழுந்து நிற்கும். சிறிது நேரத்தில் குளிர்ந்து தானே அடங்கும். எவர் விரல் வைத்தாலும் அதே குன்று, அதே அடக்கம். தொட்டவர் யார் என்று கண்ணாடி கேட்பதில்லை.

எக்ஸ் கதிர் ஆடிக்கு இது மட்டும் போதாது. சோதனைகளை அடுக்கடுக்காக வைக்கிறார்கள். முதலில் ஒளிக் குறுக்கீட்டுச் சோதனை. மழைநாளில் சாலையில் சிந்திய எண்ணெய்ப் படலம் வண்ண வளையங்களைக் காட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இரு பரப்புகளிலிருந்து திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் அவ்வரிகளை உண்டாக்குகின்றன. வரி நேராக ஓடினால் பரப்பு சரி. வளைந்தால் எங்கே, எவ்வளவு கோணல் என்பதை அவ்வளைவே அளந்து சொல்லும். அடுத்து, மிக நுண்ணிய முனையை அல்லது மெல்லிய லேசர்க் கற்றையைப் பரப்பின் நெடுகிலும் ஓட்டி, அதன் ஏற்ற இறக்கத்தைக் கோடாக வரைகிறார்கள். முடிவாக, எக்ஸ் கதிரையே ஆடியின்மீது பாய்ச்சி, குவிவது எவ்வளவு, சிதறுவது எவ்வளவு என்று அளக்கிறார்கள். விண்மீனின் கதிர் வெகு தொலைவிலிருந்து வருவதால் இணையாக வரும். அதனை ஒத்திருக்க, கதிர் தோன்றும் இடத்தையும் தொலைவிலே வைக்க வேண்டும். சந்திராவின் ஆடிகளை அமெரிக்காவின் ஹண்ட்ஸ்வில் நகரில், காற்றை வெளியேற்றிய அரைக் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளமுள்ள குழாயின் ஒரு கோடியில் வைத்துச் சோதித்தார்கள். ஏறத்தாழ நம் முத்தோரைத் தொலைநோக்கியின் நீளம் அது!

நம் நாட்டின் வழி வேறு. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி, 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் சென்ற எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில், 40 அடுக்குகளாக 320 ஆடிகள் உள்ளன. அவை கனத்த கண்ணாடிகள் அல்ல. மெல்லிய அலுமினியத் தகடுகள். நன்கு மெருகேறிய கண்ணாடி அச்சின்மீது முதலில் பொன்னைப் படலமாகப் படியவைத்து, பசை பூசிய தகட்டை அதன்மேல் ஒட்டி, உலர்ந்தபின் பிரித்தெடுக்கிறார்கள். பொன் தகட்டோடு வந்துவிடுகின்றது. கண்ணாடியின் வழவழப்பும் அதனோடு சேர்ந்து வந்துவிடுகின்றது. எனவே அங்கே கண்ணாடியைச் சோதிப்பது முதற்பணி. அச்சில் மாசு இருந்தால் அதில் பிறக்கும் அத்தனை தகடுகளிலும் அம்மாசு இருக்கும்.

அளவுகோலே கோணலானால்?

இனி, இவ்வுரையின் மையத்துக்கு வருகின்றேன்.

1990 ஏப்ரலில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி மேலே சென்றது. அதன் 2.4 மீட்டர் ஆடி, அதுவரை செய்யப்பட்ட ஆடிகளில் மிக நேர்த்தியானவற்றுள் ஒன்று என்று புகழப்பட்டது. முதற்படம் வந்தபோது எல்லோரும் திகைத்தார்கள். விண்மீன் புள்ளியாக இல்லாமல் மங்கிய வட்டமாகத் தெரிந்தது. ஆராய்ந்தபோது, ஆடியின் விளிம்பு ஏறத்தாழ இரண்டு மைக்ரோமீட்டர் அளவுக்கு வேண்டியதினும் தட்டையாகிவிட்டது தெரியவந்தது. தலைமயிரின் கனத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான்!

தேய்த்தவர் கை தவறிற்றா? இல்லை. அவர்கள் சோதனைக் கருவி சொன்னபடியே அணுவும் பிசகாமல் தேய்த்திருந்தார்கள். சோதனைக் கருவிதான் கோணல். அதனுள் ஒரு வில்லை, இருக்க வேண்டிய இடத்திலிருந்து 1.3 மில்லிமீட்டர் விலகி இருந்தது. அதனைப் பொருத்துவதற்குப் பயன்பட்ட அளவுகோலின் நுனியை மூடிய தொப்பியில் பூச்சு உரிந்து, ஒளி தவறான இடத்திலிருந்து திரும்பிவிட்டது. இன்னும் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. வேறு இரண்டு எளிய கருவிகள் ‘குறை இருக்கின்றது’ என்று அப்போதே காட்டின. ‘அவை துல்லியம் குறைந்தவை, பெரிய கருவி சொல்வதே சரி’ என்று அவற்றின் சாட்சியைத் தள்ளிவிட்டார்கள். 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே சென்று திருத்தும் கருவியைப் பொருத்திய பின்னரே ஹப்பிளின் பார்வை தெளிந்தது. இந்தப் பாடம் எக்ஸ் கதிர் ஆடி செய்தவர்களுக்கும் சென்றது. ஒரே கருவியின் வாக்கை நம்பாமல், ஒன்றுக்கொன்று சார்பற்ற பல முறைகளால் அளந்து, விடைகள் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தார்கள்.

நண்பர்களே, அளவுகோல் கோணலானால் என்ன நேரும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் இடத்தில் தராசின் முள் எங்கே நிற்கின்றது என்று எட்டிப் பார்க்கத் தெரிந்த தாய்மார்கள் இங்கே இருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக நம்மை ஒரு கோலால் அளந்து ‘இவர்களுக்கு அறிவு குறைவு, படிப்பு வராது’ என்று எழுதி வைத்தார்கள். குறை அளக்கப்பட்டவரிடம் இருந்ததா, அளந்த கோலில் இருந்ததா?

என் கதையைச் சுருக்கமாகச் சொல்கின்றேன். தோட்டத்து லைன் வீட்டில் பிறந்து, கீழே ஓர் உயர்நிலைப் பள்ளியில் படித்தவன் நான். ஆய்வுக்கூட வகுப்பன்று கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி வைப்பது என்னைப் போன்ற இரண்டு மூன்று பிள்ளைகளின் வேலை. சோதனை தொடங்கும்போது நாங்கள் பின்வரிசையில் நிற்போம். வில்லையைத் துடைத்திருக்கிறேன், அதன் வழியே பார்த்ததில்லை. தேர்வில் செய்முறைப் பகுதியில் எனக்கு மதிப்பெண் குறைந்தபோது, ‘இவனுக்குக் கைத்திறன் போதாது’ என்று எழுதினார்கள். பின்னாளில் இயற்பியல் ஆசிரியனாகி, முதன்முதலாக ஒரு மாணவியின் கையில் வில்லையைக் கொடுத்தபோது, அவளைவிட என் கைதான் அதிகம் நடுங்கிற்று.

நமக்கு முன் சென்றவர்கள்

சந்திரா ஆய்வகம் யார் பெயரைத் தாங்கியிருக்கின்றது? சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரை. அவரால் தமிழகம் பெருமையுறுகின்றது. நாமும் பெருமை கொள்வோம். ஆயினும் அவருக்குப் பெற்றோரே இல்லத்தில் கல்வி புகட்டினர் என்பதையும், சர் சி. வி. இராமன் அவருடைய சிறிய தந்தை என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள். திறமை அவருடையது, திறந்திருந்த கதவு அவர் குடும்பத்துக்கு வாய்த்தது.

அதே துறையில் கதவைத் தாமே தள்ளித் திறந்தவர் ஒருவர் உண்டு. மேகநாத் சாகா, 1893இல் டாக்காவுக்கு அருகே ஒரு சிற்றூரில், சமூகம் தாழ்த்தி வைத்திருந்த ஒரு குடியில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். பிறர் வீட்டில் தங்கி, மாட்டைப் பராமரித்து, தாம் உண்ட தட்டைத் தாமே கழுவிப் படித்தார். கல்கத்தா விடுதியில் உடன் உண்ண மறுத்த மாணவர்கள் இருந்தார்கள். அவர்தாம் 1920இல், விண்மீன் ஒளியைக் கொண்டு அதன் வெப்பத்தையும் உட்பொருளையும் அறியும் சமன்பாட்டை உலகுக்குத் தந்தார். காற்று மண்டலத்துக்கு மேலே கருவியைக் கொண்டுபோய்ச் சூரியனை ஆராய வேண்டும் என்று 1937இலேயே எழுதினார். விண்வெளித் தொலைநோக்கி எதுவும் பறக்காத காலம் அது.

நம் மலைக்கும் அத்தகைய மரபு உண்டு. பண்டிதர் அயோத்திதாசர் இளமையில் வாழ்ந்தது இந்த நீலகிரியில்தான். 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபையின் மாநாட்டைக் கூட்டி, கல்வி உள்ளிட்ட உரிமைகளைக் கேட்டுத் தீர்மானம் இயற்றியதும் இம்மலையிலேதான். இரட்டைமலை சீனிவாசன் அவர்களும் இங்கே கணக்கராகப் பணிபுரிந்தவர். அவர்கள் கேட்டது சலுகையன்று, கோணலற்ற கோல்.

என் வேண்டுகோள்

தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு இப்போது விடை கூறுகின்றேன். விண்ணில் பறக்கும் கண்ணாடி நமக்கு எதற்கு? அளப்பவர் யாரோ, அவர் கையில்தான் தீர்ப்பு இருக்கின்றது. அளக்கக் கற்காத சமூகம் பிறர் அளந்ததை ஏற்றுக்கொண்டே வாழ வேண்டும். நாம் அளக்கப்படுபவர்களாக மட்டுமே இருந்தது போதும். அளப்பவர்களாகவும், அளவுகோலையே சோதிப்பவர்களாகவும் ஆக வேண்டும்.

அதற்கு ஒரு சிறு தொடக்கத்தைச் சங்கத்தின் முன் வைக்கின்றேன். நம் படிப்பகத்தின் பின்னறையில் ஒரு மேசை போதும். பதினைந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள கனத்த கண்ணாடி வட்டங்கள் இரண்டு, கார்போரண்டம் பொடி, மெருகுக்குக் கீலும் சீரியம் ஆக்சைடும், சோதனைக்கு ஒரு சவர அலகும் ஒரு விளக்கும். ஒரு வட்டத்தின்மேல் மற்றொன்றை வைத்துத் தேய்த்தால் மேலது குழியும், கீழது குவியும். பொறுமையாகச் சில வாரங்கள் உழைத்தால், வியாழனின் நிலவுகளையும் சனியின் வளையத்தையும் காட்டும் தொலைநோக்கி ஆடி நம் பிள்ளைகளின் கையால் உருவாகும். ஆர்வலர்கள் உலகெங்கும் செய்து வருவதுதான் இது. கொழுந்தின் பதத்தை விரல்நுனியால் அறிகின்ற தாய்மாரின் பிள்ளைகளுக்கு இதற்கான கைத்திறன் இல்லை என்று எவர் சொன்னாலும், அவர் கையிலுள்ள கோலை வாங்கிப் பாருங்கள்.

அம்மேசைக்கு முதல் இரண்டு கண்ணாடி வட்டங்களையும் என் ஓய்வூதியத்திலிருந்து நான் வாங்கித் தருகின்றேன். தேய்ப்பதற்குக் கைகளை நீங்கள் தாருங்கள். குடுவை கழுவுவதற்குத் தனியாக யாரும் வேண்டாம். பயன்படுத்தியவரே கழுவி வைக்கட்டும்.